நோயச்சமும் கட்சிச் சார்பும்: ஒரு கேள்விக்கு விரிவான பதில்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: பழமைவாதிகள் ஆபத்தைக் கண்டு எளிதில் கலங்குபவர்கள், நோயும் அழுக்கும் அவர்களிடம் கூடுதலான அருவருப்பை எழுப்பும் என்று உளவியல் கட்டுரைகளில் படித்திருக்கிறீர்கள், அது உண்மையானால் கோவிட் பெருந்தொற்றின்போது அமெரிக்காவில் அவர்களே அதிகம் அஞ்சியிருக்க வேண்டும், நடந்ததோ நேர்மாறு, ஆகவே அந்த உளவியல் பொய்யா, அல்லது அந்த மக்களுக்கு அறிவியல் புரியவில்லையா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. உங்கள் கேள்விக்கு அடியில் வேறொரு கேள்வி இருப்பதாக நினைக்கிறேன்: ஒருவருடைய அரசியல் கருத்தியல் அவருடைய நோயச்சத்தை நேராகவே கூட்டவோ குறைக்கவோ செய்கிறதா, அல்லது இடையில் வேறு சிலவற்றின் வழியாகச் சுற்றி வந்து அதைத் தொடுகிறதா? இதற்கு விடை கண்டால் உங்கள் புதிரில் பெரும்பகுதி தானாக அவிழ்ந்துவிடும்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். சமூக உளவியலில் பயிற்சி பெற்றவன். கருத்துக்கணிப்புகளுக்கு வினா அமைப்பதிலும் வந்த விடைகளைப் பகுத்தாய்வதிலும் பல ஆண்டுகள் கழித்தவன். மருத்துவன் அல்லன். ஆகவே ஊரடங்கு சரியா தவறா, முகக்கவசம் எவ்வளவு காத்தது என்பவற்றுக்குள் நான் போகப்போவதில்லை. மக்கள் எவ்வளவு கவலைப்பட்டார்கள், ஏன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாதது. 2020 ஜூலையில் பியூ ஆய்வு மையம் அமெரிக்காவில் நடத்திய கருத்துக்கணிப்பில், கொரோனா வைரஸ் நாட்டு மக்களின் உடல்நலத்துக்குப் பெரிய அச்சுறுத்தல் என்று சொன்னவர்கள் தாராளவாதிகள் பெரும்பாலும் ஆதரிக்கும் ஜனநாயகக் கட்சியின் சார்புடையோரில் 85 விழுக்காடு. பழமைவாதிகள் பெரும்பாலும் ஆதரிக்கும் குடியரசுக் கட்சியின் சார்புடையோரில் 46 விழுக்காடு. கருத்துக்கணிப்புத் துறையில் இருப்பவர்களுக்கு இது மலைக்க வைக்கும் இடைவெளி. முதியோரிடம் குடியரசுக் கட்சிக்கு ஆதரவு சற்று அதிகம் என்பதையும், இந்த நோயின் ஆபத்து முதியோருக்கே அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வயதை மட்டும் வைத்துக் கணித்தவர் இடைவெளி எதிர்த்திசையில் இருக்கும் என்றுதான் சொல்லியிருப்பார். வாய்ப்பேச்சோடு இது நின்றுவிடவும் இல்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடிக் கைப்பேசிகளின் நடமாட்டத் தரவை ஆராய்ந்த ஒரு குழு, 2016 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் டிரம்புக்கு வாக்களித்த மாவட்டங்களில், ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளின்டனுக்கு வாக்களித்த மாவட்டங்களைவிட 14 விழுக்காடு குறைவாகவே மக்கள் விலகியிருந்தார்கள் என்று 2020 மார்ச் முதல் மே வரையிலான காலத்துக்குக் கணக்கிட்டுக் காட்டியது.

இதற்கு எளிய விளக்கம் ஒன்று உண்டு. அதை முதலில் சோதித்துவிடுவது நேர்மை. நோய் தொடக்கத்தில் தாக்கியது நியூயார்க், சியாட்டில், டெட்ராய்ட் போன்ற நெருக்கமான பெருநகரங்களை. அவை ஜனநாயகக் கட்சியின் கோட்டைகள். பக்கத்து வீட்டில் ஆம்புலன்ஸ் வந்து நிற்பதைப் பார்த்தவர் அஞ்சினார், பல மைல் தள்ளி வயல்வெளியில் வாழ்ந்தவர் அஞ்சவில்லை. இதில் அரசியல் எங்கே வந்தது என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். உளவியலாளர் லூசியன் கான்வேயும் அவருடைய குழுவினரும் பெருந்தொற்றின் தொடக்க காலத்திலேயே இதைச் சோதித்தார்கள். நோய் தன்னையும் தன் சுற்றத்தையும் எந்த அளவுக்குத் தொட்டது என்ற அனுபவ வேறுபாடு, பழமைவாதிகளின் குறைந்த கவலையைப் பெரிதாக விளக்கவில்லை. அரசு தலையிட வேண்டுமா கூடாதா என்பது போன்ற அரசியல் விருப்பங்கள் அதைவிட நன்றாக விளக்கின. நோய் பின்னர் சிற்றூர்களுக்குப் பரவிய பிறகும் இடைவெளி மூடவில்லை என்பதும் இதே பக்கம்தான் சாய்கிறது. அனுபவத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. கதையின் மையம் அதுவல்ல என்றுதான் சொல்கிறேன்.

இனி, நீங்கள் படித்த உளவியலுக்கு வருகிறேன். அதற்குள் இரண்டு தனித்தனிக் கூற்றுகள் கலந்துகிடக்கின்றன. ஒன்று, பழமைவாதிகளின் உடலே அச்சுறுத்தலுக்குக் கூர்மையாக எதிர்வினை ஆற்றுகிறது என்பது. 2008-இல் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வு ஒன்று, திடுக்கிட வைக்கும் ஒலிக்குக் கண் சிமிட்டுவதையும் அச்சமூட்டும் படங்களுக்குத் தோலில் ஏற்படும் மின்கடத்து மாற்றத்தையும் அளந்து, இப்படிப்பட்ட வேறுபாடு இருப்பதாகச் சொன்னது. உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்ட அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் 46 பேர் மட்டுமே. 2020-இல் அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் பெரிய எண்ணிக்கையிலானவர்களை வைத்து அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த வேறுபாடு கிடைக்கவில்லை. ஆகவே இந்த முதல் கூற்றை இப்போதைக்குக் கைவிடுவதே நல்லது. இரண்டாவது கூற்று அருவருப்பைப் பற்றியது. வினாப்பட்டியல்களில் பழமைவாதிகள் தங்களுக்கு அருவருப்பு அதிகம் என்று சொல்கிறார்கள் என்பது பலமுறை கண்டறியப்பட்டது. ஆனால் அந்தத் தொடர்பு வலுவானதன்று. மேலும், வினாப்பட்டியலில் எவற்றைக் காட்டி அருவருப்பை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது. தாராளவாதிகளை முகம் சுளிக்கவைக்கும் காட்சிகளை எழுதிக் கேட்டால் அவர்களே அதிகம் அருவருக்கிறார்கள் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வினாக்களை அமைத்துப் பழகியவன் என்ற முறையில் இது எனக்கு வியப்பாக இல்லை. அளவுகோலைச் செய்தவரின் கைரேகை பெரும்பாலும் அளவில் தெரியும்.

இருந்தாலும் அந்த உளவியலை முற்றிலும் குப்பையில் போட வேண்டியதில்லை. 2021-இல் வெளியான ஓர் ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. தியடோர் சமோரும் அவருடன் பணியாற்றியவர்களும், மரபையும் கட்டுப்பாட்டையும் போற்றும் மனப்பாங்கை, அதாவது சமூகப் பழமைவாதத்தைத் தனியாக அளந்து, அதற்கும் கோவிட் முன்னெச்சரிக்கைகளுக்கும் உள்ள தொடர்பைக் கட்சிவாரியாகப் பார்த்தார்கள். ஜனநாயகக் கட்சியினருக்குள்ளேயே யார் கூடுதலாக மரபைப் போற்றினார்களோ அவர்கள் கூடுதலாகக் கவனம் எடுத்தார்கள். உளவியல் சொன்னது அங்கே பலித்தது. குடியரசுக் கட்சியினரிடம் அதே தொடர்பு மேலே தெரியவில்லை; அறிவியலாளர் மீதான அவநம்பிக்கை, எந்தச் செய்தி ஊடகத்தைப் பார்க்கிறார்கள் என்பது, பொருளாதாரத்தில் அரசு தலையிடுவதற்கு எதிர்ப்பு ஆகியவை சேர்ந்து அதை அமுக்கி வைத்திருந்தன. அடியில் ஒரு நீரோட்டம் ஒரு திசையில் ஓட, மேலே அடித்த காற்று அலைகளை மறுதிசையில் தள்ளியது என்று நான் புரிந்துகொள்கிறேன். உங்கள் கேள்வியின் விடை பெரும்பாலும் அந்தக் காற்றில்தான் இருக்கிறது.

அந்தக் காற்றில் முதலாவது, தீர்வின் மீதான வெறுப்பு. ஒரு சிக்கலை ஒப்புக்கொண்டால் அதற்கு எந்தத் தீர்வு வந்து சேரும் என்பதை மனம் முன்கூட்டியே கணக்கிட்டுவிடுகிறது. தீர்வு பிடிக்காவிட்டால் சிக்கலையே சிறிதாக்கிப் பார்க்கத் தொடங்குகிறது. டிராய் கேம்பெல், ஆரன் கே இருவரும் 2014-இல் இதைப் பெருந்தொற்றோடு தொடர்பில்லாத ஒரு பொருளில் அழகாக நிறுவினார்கள். புவி வெப்பமாதலுக்குத் தீர்வு அரசின் கட்டுப்பாடுகள் என்று படித்த குடியரசுக் கட்சியினரில் 22 விழுக்காட்டினரே வெப்பநிலை உயர்வு பற்றிய அறிவியலாளர் கூற்றை ஏற்றார்கள். தீர்வு தடையற்ற சந்தையில் இருக்கிறது என்று படித்தவர்களில் 55 விழுக்காட்டினர் ஏற்றார்கள். வெப்பநிலை பற்றிய தகவல் இரு குழுவினருக்கும் ஒன்றே. இது வலதுசாரிகளுக்கு மட்டுமான நோய் என்று யாரும் மகிழ்ந்துவிடக் கூடாது. வீடு புகுந்து தாக்கும் குற்றங்களுக்குத் துப்பாக்கிச் சட்டத்தைத் தளர்த்துவதே தீர்வு என்ற சட்டகத்தில் வைத்தபோது, துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிப்பவர்கள் அக்குற்றங்களின் கடுமையைக் குறைத்து மதிப்பிட்டார்கள். கோவிட் கேட்ட தீர்வுகளை எண்ணிப் பாருங்கள்: கடையை மூடு, வழிபாட்டுக்கு ஒன்றுசேராதே, அரசு சொல்லும்வரை வெளியே வராதே, அரசு தரும் பணத்தில் வாழ். சிறிய அரசு வேண்டும் என்று ஆயுள் முழுவதும் நம்பியவர் ஒருவருக்கு இவற்றைவிடக் கசப்பான பட்டியலை நம்மால் எழுதிவிட முடியாது.

இது புதிதுமல்ல. மருத்துவ வரலாற்றாசிரியர் எர்வின் ஆக்கர்க்நெக்ட் 1948-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், காலரா போன்றவை ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுகின்றனவா, அல்லது அசுத்தமான சூழலிலிருந்து கிளம்புகின்றனவா என்ற பெரும் விவாதம் ஐரோப்பாவில் நடந்தது. தொற்று என்றால் கப்பல்களை நிறுத்த வேண்டும், எல்லையில் படையை நிறுத்தி ஆட்களை அடைத்துவைக்க வேண்டும். வணிகச் சுதந்திரத்தை உயிர்மூச்சாகக் கொண்ட அன்றைய தாராளவாதிகள் தொற்றுக் கோட்பாட்டை மறுக்கும் பக்கம் சாய்ந்தார்கள். அதிகாரம் குவிந்த பழமைவாத முடியாட்சிகள் தொற்றை நம்பித் தடைகளை விதித்தன. அன்றைய தாராளவாதி இன்றைய அமெரிக்கத் தாராளவாதி அல்லன் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. பெயர் ஒன்று, பொருள் வேறு. பின்வந்த வரலாற்றாசிரியர்கள், குறிப்பாக பீட்டர் பால்ட்வின், ஒரு நாடு நோய் வரும் பாதையில் எங்கே இருக்கிறது என்பது அதன் அரசியலைவிட முக்கியமாக இருந்தது என்று வாதிட்டார்கள். அந்தத் திருத்தத்தை நான் பெரிதும் ஏற்கிறேன். ஆயினும் 1892-இல் ஹாம்பர்க் நகரில் நடந்ததைப் படிக்கும்போது ஆக்கர்க்நெக்டின் நினைவு வராமல் இராது. வணிகர்களின் செல்வாக்கில் இருந்த அந்நகர நிர்வாகம், துறைமுகம் முடங்கும் என்ற அச்சத்தில் காலரா வந்துவிட்டது என்று அறிவிக்கத் தயங்கியது. எல்பா ஆற்றின் வடிகட்டாத நீரைக் குடித்த மக்களில் சுமார் 8,600 பேர் இறந்தார்கள். நீரை மணலில் வடிகட்டி வழங்கிய பக்கத்து நகரம் ஆல்டோனா பெரும்பாலும் தப்பியது.

இன்னும் பின்னே போகலாம். 1793-இல் அமெரிக்காவின் அன்றைய தலைநகரான பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் பரவி, சுமார் 50,000 பேர் வாழ்ந்த நகரில் ஏறத்தாழ 5,000 பேர் மாண்டார்கள். கட்சிகள் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தன. பிரெஞ்சுப் புரட்சியை ஐயத்தோடு பார்த்த கூட்டாட்சிக் கட்சியினர், கரீபியத் தீவிலிருந்து வந்த பிரெஞ்சு அகதிகளின் கப்பல்கள் நோயைக் கொண்டுவந்தன என்ற பக்கம் சாய்ந்தார்கள். அவர்களுக்கு எதிரணியான தாமஸ் ஜெஃபர்சன் பக்கத்தினர் உள்ளூர் அழுகலே காரணம் என்றார்கள். நோயிலிருந்து மீண்ட கூட்டாட்சிக் கட்சித் தலைவர் அலெக்சாண்டர் ஹாமில்டன் தனக்கு மருந்து தந்தவரின் மென்மையான முறையைப் புகழ்ந்து வெளிப்படையாகக் கடிதம் எழுத, குருதி வடித்தும் பேதிக்குக் கொடுத்தும் மருத்துவம் பார்த்த பெஞ்சமின் ரஷ்ஷின் முறை எதிர்க்கட்சியின் முறையாகிப்போனது. மருந்துக்கும் கட்சி வந்துவிட்டது! மருத்துவர்கள் அனைவரும் கட்சி வரிசையில் ஒழுங்காக நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் பத்திரிகைகள் அப்படித்தான் நிற்கவைத்தன.

இது என்னை இரண்டாவது காரணத்துக்குக் கொண்டுவருகிறது. என் மதிப்பீட்டில் இதுவே மற்றதைவிடக் கனமானது. பெரும்பாலான மக்கள் ஒரு கிருமியைப் பற்றித் தாமாகச் சிந்தித்து முடிவுக்கு வருவதில்லை, வரவும் முடியாது. தாம் நம்பும் குரல் என்ன சொல்கிறது என்று பார்க்கிறார்கள். இதற்குக் கிடைத்த சான்றுகளுள் மிக நுட்பமானது ஒரே தொலைக்காட்சி நிறுவனத்துக்குள்ளிருந்து வந்தது. பழமைவாதிகள் விரும்பிப் பார்க்கும் ஃபாக்ஸ் நியூஸில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் டக்கர் கார்ல்சன் 2020 பிப்ரவரித் தொடக்கத்திலிருந்தே இந்த நோயைப் பற்றி எச்சரித்துக்கொண்டிருந்தார். அதே நிறுவனத்தில் ஷான் ஹானிட்டி மார்ச் நடுப்பகுதி வரை அதைப் பெரிதுபடுத்தவில்லை. இரு நிகழ்ச்சிகளின் நேயர்களும் ஒரே கருத்தியலைச் சேர்ந்தவர்கள். லியனார்டோ பர்ஸ்டினும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தபோது, ஹானிட்டியின் நேயர்கள் தங்கள் நடத்தையைத் தாமதமாக மாற்றிக்கொண்டார்கள் என்றும், அவருக்கு ஒப்பளவில் நேயர் அதிகமாக இருந்த பகுதிகளில் தொடக்கக் கட்டத்தில் தொற்றும் இறப்பும் கூடுதலாக இருந்தன என்றும் தெரிந்தது. கருத்தியலே நேரடிக் காரணம் என்றால் இந்த வேறுபாடு வந்திருக்கவே முடியாது.

பிரேசிலிலும் இதே தடம் தெரிகிறது. 2020 மார்ச் 24 அன்று நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையில் வலதுசாரி அதிபர் பொல்சொனாரோ இதைச் சின்னக் காய்ச்சல் என்று சொன்னார். அவர் வெளிப்படையாக நோயைச் சிறுமைப்படுத்திய நாட்களுக்குப் பிறகு, அவருக்கு வாக்கு அதிகம் விழுந்த நகராட்சிகளில் மக்கள் விலகியிருப்பது மற்ற இடங்களைவிடக் குறைந்தது என்று கைப்பேசித் தரவை ஆராய்ந்த பொருளியலாளர்கள் கண்டார்கள். இதற்கு மறுபக்கச் சான்று கனடா. அங்கே தொடக்க மாதங்களில் எல்லாப் பெரிய கட்சிகளின் தலைவர்களும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசினார்கள். கனடாவின் பழமைவாதிகளும் தாராளவாதிகளும் அச்சத்திலும் நடத்தையிலும் அதிகம் வேறுபடவில்லை. எல்லையின் இருபுறமும் ஏறத்தாழ ஒரே வகையான பழமைவாதம் இருந்தும், தலைவர்கள் பிளவுபட்ட இடத்தில் மக்கள் பிளவுபட்டார்கள்.

வேறு நாடுகளைப் பார்த்தால் இடது என்றால் கவலை, வலது என்றால் அலட்சியம் என்ற வாய்பாடே ஆட்டம் காண்கிறது. சுவீடனில் சமூக ஜனநாயகக் கட்சி தலைமையிலான அரசு தளர்வான அணுகுமுறையைப் பின்பற்றியது. தீவிர வலதுசாரிகளான சுவீடன் ஜனநாயகவாதிகள் கட்சி அதைக் கண்டித்து, தலைமைத் தொற்றுநோயியலாளர் ஆண்டர்ஸ் டெக்னெல் பதவி விலக வேண்டும் என்று 2020 கோடையில் கேட்டது. மெக்சிகோவில் இடதுசாரி அதிபர் லோபெஸ் ஒப்ரதோர் 2020 மார்ச்சில் தன்னைக் காப்பவை என்று தாயத்துகளை எடுத்துச் செய்தியாளர்களிடம் காட்டினார். ஜெர்மனியின் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டி தொடக்கத்தில் கடுமையான நடவடிக்கை கேட்டது. சில வாரங்களில் கட்டுப்பாடுகளை எதிர்ப்பவர்களின் கட்சியாக மாறிவிட்டது. அதன் கருத்தியல் சில வாரங்களில் மாறியிருக்க வழியில்லை. ஆட்சியில் இருப்பவர் கட்டுப்பாடுகளை விதித்தார். எதிர்க்கட்சிக்கு நிற்க மறுபக்கம்தான் மீதமிருந்தது.

அப்படியானால் எல்லாமே யார் ஆட்சியில் இருக்கிறார் என்பதுதானா? அவசரப்பட வேண்டாம், இங்கேதான் நான் மிகவும் தயங்குகிறேன். 2014-இல் எபோலா அமெரிக்காவுக்குள் வந்தபோது, அந்நாட்டு மண்ணில் நோய் கண்டறியப்பட்டவர்கள் நால்வரே. ஆனாலும் அப்போது கூடுதலாகக் கவலைப்பட்டவர்கள் குடியரசுக் கட்சியினர், பயணத்தடை கேட்டவர்களும் அவர்களே. அதிபராக இருந்தவர் ஜனநாயகக் கட்சியின் ஒபாமா, நாடாளுமன்றத் தேர்தல் சில வாரத் தொலைவில் இருந்தது. ஆட்சிக் கணக்கு இதை விளக்கும்: தமக்கு எதிரான கட்சியின் ஆட்சியில் நாடு பாதுகாப்பாக இல்லை என்று தோன்றும். ஆனால் தீர்வுக் கணக்கும் இதை விளக்குகிறது: எபோலாவுக்குக் கேட்கப்பட்ட தீர்வு எல்லையை மூடுவது, அது வலதுசாரிக்குக் கசப்பானதன்று, இனிப்பானது. இரண்டு காரணங்களும் ஒரே திசையில் இழுக்கும்போது எது எவ்வளவு என்று பிரித்தெடுக்க வழியில்லை. பிரிக்க உதவும் தருணம் 2021-இல் வந்தது. டிரம்புக்குப் பின் ஜனநாயகக் கட்சியின் பைடன் பதவியேற்றார், ஆட்சிக் கணக்கு மட்டுமே உண்மையானால், அந்த நாளிலிருந்து குடியரசுக் கட்சியினரின் கவலை கூடியும் ஜனநாயகக் கட்சியினரின் கவலை குறைந்தும் இடங்கள் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. ஆகவே ஆட்சிக் கணக்கு தனியாக நிற்காது. ஆனால் அதற்கு வலுவே இல்லை என்றும் சொல்ல முடியாது: 2020 செப்டம்பர் வாக்கில், தேர்தலுக்காக டிரம்ப் அரசு தடுப்பூசியை அவசரமாக அனுமதித்துவிடுமோ என்ற ஐயம் எழுந்தபோது, தடுப்பூசி போட்டுக்கொள்வோம் என்று சொன்ன ஜனநாயகக் கட்சியினரின் விழுக்காடு வெகுவாகச் சரிந்தது, ஆட்சி மாறி, தடுப்பூசி கைக்கு வந்தபின் மிக அதிகமாகப் போட்டுக்கொண்டவர்களும் அவர்களே.

அறியாமை என்ற உங்கள் இரண்டாவது ஐயத்துக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். அறிவியல் தெரிந்தால் இடைவெளி குறையும் என்ற எதிர்பார்ப்பை டான் கஹனின் குழு 2012-இல் காலநிலைக் கேள்விகளை வைத்துச் சோதித்தது. அறிவியலும் எண்ணும் நன்றாகத் தெரிந்தவர்களிடையே அரசியல் இடைவெளி இன்னும் விரிந்திருந்தது. கூர்மையான மூளை தன் பக்கத்துக்கு வழக்காடவும் கூர்மையாகவே பயன்படுகிறது. அதிகம் அஞ்சியவர் சரியாக அஞ்சினார் என்றும் கொள்ள வேண்டாம். தொற்றியவர்களில் எத்தனை விழுக்காட்டினர் மருத்துவமனையில் சேர வேண்டியிருக்கும் என்று கருத்துக்கணிப்பு நிறுவனமான காலப் கேட்டபோது, உண்மை 1 முதல் 5 விழுக்காடு என்றிருக்க, பாதிக்கு மேல் என்று விடை சொன்னவர்கள் ஜனநாயகக் கட்சியினரில் 41 விழுக்காடு, குடியரசுக் கட்சியினரில் 28 விழுக்காடு. தவறு இரு பக்கமும் இருந்தது; அது எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதில்தான் கட்சி தெரிந்தது.

என் தொழிலுக்கு எதிராகவே ஒன்று சொல்ல வேண்டும். கருத்துக்கணிப்பில் ஒருவர் எனக்குக் கவலையில்லை என்று சொல்லும்போது, அது எப்போதும் உள்ளத்தின் அளவீடு அன்று. சில நேரம் அது கையில் பிடித்த கொடி. நாட்டுக்கு ஆபத்தா என்று கேட்டால் வருவது பெரும்பாலும் அரசியல் விடை. உங்கள் வீட்டில் முதியவர் இருக்கிறார், அடுத்த வாரம் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் குரலே மாறும். சரியான விடைக்குப் பணம் தருகிறோம் என்று சொல்லிக் கேட்டால் அரசியல் உண்மைகள் பற்றிய கட்சி இடைவெளி சுருங்குகிறது என்பது 2015-இல் வெளியான சோதனைகளில் தெரிந்தது. ஆகவே 85-க்கும் 46-க்கும் இடையே உள்ள தொலைவு முழுவதும் அச்சத்தின் தொலைவு என்று நான் நம்பவில்லை. அதே நேரத்தில், வெறும் கொடிபிடித்தல் என்று தள்ளிவிடவும் முடியாது. ஃபுளோரிடா, ஒஹையோ மாநிலங்களில் இறந்த 5,38,159 பேரின் பதிவுகளை வாக்காளர் பட்டியலோடு இணைத்துப் பார்த்த ஆய்வு 2023-இல் வெளியானது. வயது வந்த அனைவருக்கும் தடுப்பூசி கிடைக்கத் தொடங்கிய பிறகு, குடியரசுக் கட்சி வாக்காளரிடையே மிகை இறப்பு (வழக்கமாக எதிர்பார்க்கப்படும் அளவுக்கு மேலான இறப்பு) விகிதம் ஜனநாயகக் கட்சி வாக்காளருடையதைவிட 43 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இதிலும் எல்லை உண்டு: இரண்டே மாநிலங்கள், இறந்த ஒவ்வொருவரும் தடுப்பூசி போட்டிருந்தாரா என்ற விவரம் அந்தத் தரவில் இல்லை, கட்சிப் பதிவு என்பதும் கருத்தியல் என்பதும் ஒன்றல்ல. ஆனால் கொடியைக் காட்டுவதற்காக யாரும் இறப்பதில்லை.

இதுவரை சொன்னவற்றில் எதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று நீங்கள் கேட்டால்: அமெரிக்காவில் இடைவெளி இருந்தது, அது நடத்தையிலும் தெரிந்தது என்பது உறுதி. தலைவர்களின் குரலும் ஊடகத்தின் குரலும் அதை உருவாக்குவதில் பெரும்பங்கு வகித்தன என்பது ஏறத்தாழ உறுதி. தீர்வின் மீதான வெறுப்பு, சோதனைக்கூடத்தில் வலுவாகவும் பெருந்தொற்றில் நியாயமான ஊகமாகவும் நிற்கிறது. பிறவி இயல்பிலேயே ஒரு சாரார் அஞ்சுபவர், ஒரு சாரார் அஞ்சாதவர் என்பது பலவீனமானது. இன்னொரு பெரிய குறை, இந்த ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை செல்வ நாடுகளிலிருந்து, அதிலும் இரு கட்சிகளே மோதும் ஒரு நாட்டிலிருந்து வந்தவை. பல கட்சிகளும் சாதி, மதம், மொழி சார்ந்த பிடிப்புகளும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் சமூகங்களுக்கு இவற்றை அப்படியே பெயர்த்து வைக்க நான் துணியமாட்டேன்.

அடுத்த பெருந்தொற்றில் என்ன நடக்கும் என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். கிருமியின் பெயர் தெரிந்தால் போதாது. அது எங்கிருந்து வருவதாகச் சொல்லப்படுகிறது, அதைத் தடுக்க மக்கள் எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், முதல் அறிவிப்பைச் செய்பவர் யார் ஆகிய மூன்றும் தெரிந்தால் ஒரு ஊகம் சொல்வேன். எல்லையை மூடினால் தீரும் என்று தோன்றும் நோயாக இருந்தால் வலதுசாரியினரே முதலில் அபாயமணி அடிப்பார்கள். கடையை மூடினால்தான் தீரும் என்றால் அவர்களே கடைசியில் நம்புவார்கள். ஆனால் இந்த ஊகத்தின்மீது நான் பெரிய தொகையைப் பந்தயம் கட்டமாட்டேன். 2014-இல் எபோலா வந்தபோது முகக்கவசத்துக்கும் தடுப்பூசிக்கும் அமெரிக்காவில் இன்று இருப்பது போன்ற கட்சி நிறம் இல்லை. இப்போது அடுத்த கிருமியின் பெயரை அறிவிக்கும் முன்பே, அதற்கு என்னென்ன செய்யச் சொல்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் அதற்கான விடையையும் ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள்.